மூன்றாம் நம்பர் பேருந்தில் ஒரு வாழை

சுவாவ்கியில் மூன்றாம் நம்பர் பேருந்து ஓட்டும் ரெகினாவுக்கு நாற்பத்திரண்டாவது வயதில் வாழைப் பைத்தியம் பிடித்தது. போலந்திலேயே அதிகமாகக் குளிரடிக்கிற ஊர் எங்களுடையது. மே மாதத்தில்கூடத் தக்காளி நாற்றை வெளியே நட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. அப்படிப்பட்ட ஊரில், வெங்காய நாற்று வாங்கச் சந்தைக்குப் போனவள் ஒரு சாண் வாழைக்கன்றோடு திரும்பி வந்தாள்.

"இது எதுக்கு?" என்று கேட்டான் கணவன் ஸெனான். கூரை வேய்கிறவன், எதற்கும் ஒரு காரணம் வேண்டும் அவனுக்கு.

"குளிர் தாங்குற ஜாதியாம், விக்கிறவர் சொன்னார்."

"தாங்குறது இருக்கட்டும். எதுக்குன்னு கேட்டேன்."

"இலை எவ்வளவு பெருசா வரும் தெரியுமா!" என்றாள்.

ஊருக்கு வெளியே, தோட்டக்காரர் சங்கம் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் தோட்டத்தில் அவர்களுக்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. உருளைக்கிழங்குக்கும் பீட்ரூட்டுக்கும் நடுவே கன்று நின்றது. கோடையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் ஊர் என்பதால் வாரத்துக்கு ஒரு இலை விட்டது. குளிர்காலம் வந்ததும் ரெகினா அதைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றினாள். ஏப்ரலில் பிரித்தபோது தண்டு கஞ்சி போலக் கையோடு வந்தது. நாற்றம் தாங்கவில்லை. குளிரைவிட உள்ளே தேங்கிய ஈரம்தான் அதைக் கொன்றிருந்தது.

அடுத்த கன்றுக்கு வைக்கோல் போர்த்தினாள். எலிகள் வைக்கோலுக்குள் குடியேறி, தண்டையும் தின்று தீர்த்தன.

"வீடும் கட்டிக் குடுத்து சாப்பாடும் போட்டிருக்க. எனக்குக்கூட இப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சதில்ல நீ" என்றான் ஸெனான்.

மூன்றாம் நாள் ரெகினா இன்னொரு கன்று வாங்கினாள். இந்த முறை வேறு வழி: அக்டோபரில் வேரோடு தோண்டி, இலைகளை வெட்டிவிட்டு, அடுக்குமாடி வீட்டின் நிலவறையில் உலர்வாக வைத்து, மே மாதம் மறுபடி நடுவது. நிலவறையில் ஸெனானின் உருளைக்கிழங்கு மூட்டைகள் இருந்தன. முணுமுணுத்துக்கொண்டே இடம் ஒதுக்கித் தந்தான்.

சங்கத் தலைவர் லுட்ஸியான்தான் விடவில்லை. அவருடைய வெள்ளரிப் பாத்திகள் அளவுகோல் வைத்துக் கீறியது போல இருக்கும். வருடத்துக்கொரு முறை பதிவேட்டோடு வந்து, யார் என்ன பயிரிட்டிருக்கிறார்கள் என்று எழுதிப் போவார்.

"ரெகினாம்மா, காய், பழம், பூ. இந்த மூணுதான் சட்டத்துல இருக்கு. இது எதுல சேத்தி?"

"பழம், தலைவரே."

"எங்க பழம்?"

"வரும்."

"வந்தப்புறம் எழுதிக்கிறேன்" என்றவர், பதிவேட்டில் 'உருளை, பீட்ரூட், பெரிய புல்' என்று எழுதினார். வருடா வருடம் அதையே எழுதினார்.

ஒரு அக்டோபரில் ஸெனானின் வேன் பழுதாகிவிட்டது. அன்றிரவே உறைபனி என்று வானொலியில் சொன்னார்கள். ரெகினாவோ வேலையில் இருந்தாள். தோட்டத்து நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தியபோது, ஆளுயரத் தண்டைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, தோளோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தான் ஸெனான். ஏறியதும் முன்னிருக்கையில் இருந்த அம்மாள் பதறிப்போனாள்.

"ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, வாழை. குளிர் ஒத்துக்கல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். "உக்கார வைங்க, பாவம்."

பேருந்தே சிரித்தது. கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ரெகினா பச்சை விளக்கைக் கவனிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடுத்த வருடம் வேன் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஸெனான் பேருந்தில்தான் கொண்டுவந்தான்.

நட்ட ஏழாவது கோடையில், ஆகஸ்ட் மாதம், தண்டின் உச்சியிலிருந்து மஞ்சளாக ஒரு பூ தலை கவிழ்ந்து இறங்கியது. மடல்கள் ஒவ்வொன்றாக விரிய, அடியில் விரல் அளவுக்குக் காய்கள். ரெகினா தொலைபேசியில் தலைவரை அழைத்தாள்.

லுட்ஸியான் பதிவேட்டோடு வந்தார். பேனாக்கத்தியால் ஒரு காயைச் சீவி வாயில் போட்டார். மென்றார். முகம் கோணியது.

"எப்படி இருக்கு, தலைவரே?"

"வாயெல்லாம் இழுக்குது. ஒரே விதை."

"பழமா இல்லையா, அதைச் சொல்லுங்க."

வெகுநேரம் துப்பிக்கொண்டிருந்தார். பிறகு 'பெரிய புல்' என்பதை அடித்துவிட்டு 'பழம்' என்று எழுதினார். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'தின்ன உதவாது' என்றும் சேர்த்தார். வேலிப்படலைத் திறந்தவர் போகாமல் நின்றார்.

"அடியில கன்னு நிறைய வந்திருக்கே. ஒண்ணு கிடைக்குமா? வீட்டுக்காரி ஆசைப்பட்டா."

"நேத்துதான் அவங்க என் பஸ்ல வந்தாங்க. ஒண்ணும் சொல்லலையே?"

தலைவரின் காது சிவந்தது. ரெகினா இருப்பதில் நல்ல கன்றாகப் பார்த்துத் தோண்டி, வேரில் ஈரச்சாக்கு சுற்றிக் கொடுத்தாள்.

குலை தள்ளிய தண்டு அந்த இலையுதிர் காலத்தில் பட்டுப்போனது. ரெகினாவே அதை வெட்டினாள். சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இன்னும் மூன்று கன்றுகள் நின்றன.

இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. போன ஜூலையில் ஒரு நாள் தோட்டத்தில் திடீரென்று மழை பிடித்தது. கருவிக்கொட்டகைக்கு ஓடாமல் இருவரும் வாழைகளுக்கு அடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இலைகளில் மழை தடதடவென்று விழுந்தது.

"ஒழுகுது" என்றான் ஸெனான், மேலே பார்த்து.

"ஒழுகட்டும்."

தேநீர்க் கோப்பையைச் சொட்டு விழாத பக்கம் நகர்த்தி வைத்தாள். இரண்டு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். இன்னும் நேரம் இருந்தது.