அத்தை கொடி பிடித்த நாள்

மீன் கூடை சுமக்கிறவளுக்குக் கழுத்து கிடையாது என்பாள் என் அத்தை. தலையில் சும்மாடு வைத்து, ஐஸும் மீனும் நிறைந்த அன்னக்கூடையை அதன்மேல் ஏற்றிவிட்டால் அவ்வளவுதான், கழுத்து தூணாகிவிடும். இப்படி அப்படித் திரும்பினால் கூடை சரியும். கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கலாம், அதற்கும் கூடையிலிருந்து வடியும் மீன் தண்ணீர் விட வேண்டும். "நானு ரயிலு மாதிரி. நேராத்தான் போவேன், வர்றவன்தான் ஒதுங்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொள்வாள்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்துக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் பொன்னேரி ரோடு போகிறது. நான் சிறுமியாக இருந்தபோது அது ரோடு என்று பேர்தான். குண்டும் குழியுமாகக் கிடக்கும். பஸ் மாட்டுவண்டி வேகத்தில் வரும். நாய்கள் நடுரோட்டில் தூங்கும், ஹாரன் அடித்தால் எழுந்து போகாது, தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். கூடைக்காரப் பெண்கள் காலையில் வரிசையாக ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் நிற்கும் ஷேர் ஆட்டோக்களில் ஏறிப் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போவார்கள். வண்டிகள் அவர்களுக்காக நிற்கும். நல்ல மனதால் நிற்கவில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. குழிகள்தான் அவற்றை நிறுத்தி வைத்திருந்தன.

அத்தை என் அப்பாவுக்கு, அதாவது நைனாவுக்கு, அக்கா. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவள். நைனா பிடித்து வரும் மீனை அவள்தான் விற்பாள், வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். என்னை "மருமவளே" என்றுதான் கூப்பிடுவாள். உனக்குத்தான் பிள்ளையே இல்லையே, நான் எப்படி மருமகள் என்று ஒருமுறை கேட்டேன். பொறக்காதவனுக்கு உன்னை நிச்சயம் பண்ணிட்டேன், அவன் வர்ற வரைக்கும் நீ என் கூடத்தான் இருக்கணும் என்றாள். எனக்கு அது பெரிய நகைச்சுவையாகப் பட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ரோட்டை அகலப்படுத்தினார்கள். ஊரே அதற்காகத்தான் பல வருஷம் அலைந்திருந்தது. தார் போட்டு முடிந்த அன்று மாலை நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஓடினோம், உருண்டோம், காதை வைத்துப் படுத்தோம். மறுநாளே சில பெண்கள் ஓரத்தில் கருவாடு காயப் போட்டுவிட்டார்கள். இவ்வளவு சுத்தமான இடம் ஊரில் வேறெங்கே இருந்தது? முதல் லாரி வந்து கருவாட்டின் மேலேயே போனது. அதற்குப் பிறகு ஒரு ஆடு அடிபட்டுப் போனது, தூங்கிக்கொண்டிருந்த நாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரு பையன் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டான்.

பெரியவர்கள் ரோட்டு ஆபீசுக்குப் போய் ஒரு வேகத்தடை கேட்டார்கள். ஒருவர் காரில் வந்தார், கண்ணாடியை மட்டும் இறக்கி இரண்டு பக்கமும் பார்த்தார், ரோட்டுப் படத்தில் இந்த இடத்தில் தடை இல்லை என்றார். படத்தில் நாங்கள் இருக்கிறோமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஊர்க்காரர்களே ஒரு பழைய கப்பல் கயிற்றைக் குறுக்கே போட்டு ஆணி அடித்தார்கள். அதையும் யாரோ வந்து பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஏரியில் வலை போட எங்களிடம் பாடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. நல்ல இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை விரித்தால் வெட்டுக்குத்து ஆகிவிடும் என்பதால், சீட்டுப் போட்டு எந்த நாள் எந்த வீட்டுக்கு என்று முறை வகுத்துவிடுவார்கள். உங்கள் பாட்டில் இறால் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம், வராவிட்டால் அடுத்த முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ஏரியையே சண்டையில்லாமல் ஓட்டுகிறோம், ரோட்டை ஓட்ட முடியாதா என்றார்கள். வீட்டுக்கு ஒரு நாள் முறை, காலையில் கூடைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கடக்கும் நேரத்தில் ஒருவர் சிவப்புத் துணி கட்டிய கழியோடு நடுரோட்டில் நின்று வண்டிகளை நிறுத்த வேண்டும். முறை தவறினால் ஏரியில் ஒரு வருஷத்துக்குப் பாடு கிடையாது. ஏரிப் பாட்டைப் போலவே இதுவும் ஆண்களின் பேரில்தான், வீட்டு ஆணேதான் நிற்க வேண்டும். தலையில் கூடை வைத்தே அறியாதவர்கள் கொடி பிடித்தார்கள், கூடைக்காரிகளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீடியைப் பற்ற வைக்கிற நேரம் பார்த்துக் கொடியை இறக்கிவிடுகிறவர்களை அத்தை நடுரோட்டிலேயே ஏசுவாள். என்ன ஏசினாலும் முறை நன்றாகத்தான் நடந்தது. மழைக்காலம் வரைக்கும் ஒரு நாய் கூடச் சாகவில்லை.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஏரிக்குச் சீட்டுப் போட்டு முறை, ரோட்டுக்குத் தெருவில் வீடு இருக்கிற வரிசையில் முறை. இரண்டும் ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது?

மழை விட்டு, முகத்துவாரம் திறந்து, ஏரி இறால் கடலுக்கு இறங்கும் சமயம் அது. வருஷத்துக்கே சோறு போடும் சமயம். அப்படி ஒரு விடியற்காலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டும் சேர்ந்து வந்தன. நைனா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். பக்கத்து வீட்டில் சொல்லி ரோட்டு முறையை மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த வீட்டு ஆணும் கடலுக்குப் போயிருந்தான். அம்மா அப்போது தம்பியைப் பெற்றுப் படுத்திருந்தாள். நான் அடுப்பங்கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். நைனா அத்தையிடம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாளு நீ கொடி புடிச்சிக்கிறியா? இந்தப் பாடு போனா அவ்ளோதான்."

"நானா? நான் நின்னா என் கூடைய யாருடா தூக்கிக்கினு போவா? நேத்து மீனு ஐஸ்ல கெடக்குது."

"எல்லாரையும் அனுப்பிட்டுக் கடசியாப் போ. யாரு கேக்கப்போறாங்க?"

அத்தை சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கே தெரிந்தது. பிறகு, போ, போய்த் தொலை, இறால் இல்லாமல் வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டுக் கழியை எடுத்துக்கொண்டாள்.

ரோட்டில் அவளைப் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேறு யார் நின்றபோதும் வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டேதான் நின்றன. அத்தை நின்றபோது திட்டுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஒரு லாரிக்காரனைப் பார்த்து, உன் ஆத்தா கூடை தூக்கி இருந்தா தெரியும்டா உனக்கு என்றாள். அவன் சிரித்துவிட்டான். கூடைக்காரிகள் வரிசையாகக் கடந்தார்கள். எந்த வரிசையும் அவ்வளவு நிதானமாகக் கடந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு எப்போது கையை உயர்த்த வேண்டும், யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் சும்மாடு நழுவுகிறது என்று எல்லாம் தெரிந்திருந்தது. நாங்கள் பிள்ளைகள் கடைசியாகக் கடந்தோம். "போ மருமவளே, நேரமாவுது" என்று என் சடையைப் பிடித்து இழுத்துவிட்டாள். நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். எல்லோரும் போன பிறகு அத்தை கொடித் துணியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறாள். ஆட்டோவிலிருந்து ஒருத்தி ஓடி வந்து கூடையைத் தலைக்கு ஏற்றிவிட்டு, டிரைவர் கத்துகிறான் என்று திரும்பி ஓடியிருக்கிறாள். அவள் பின்னாலேயே அத்தையும் நடந்திருக்கிறாள், கழுத்து நேராக, ரயில் மாதிரி. ஊருக்கெல்லாம் பார்த்துச் சொன்னவளுக்கு, வண்டி வருது என்று பார்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. வந்தது ஒரு குட்டியானை, மீன் ஏற்றுகிற சின்ன லோடு வண்டி. ஏரியில் இறால் விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, மற்ற வியாபாரிகளுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டுமென்று பறந்து வந்த வண்டி. அன்றைக்கு அதிகமாக இறால் விழுந்தது எங்கள் வலையில்தான்.

சென்னை ஆஸ்பத்திரியில் உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள், இடுப்புக்குக் கீழே கொடுக்கவில்லை. கழுத்தில் பட்டை கட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். இனிமேல் கூடை இல்லாமலே என் கழுத்து திரும்பாது மருமவளே என்று என்னிடம் சிரித்தாள். நான் அழுதேன். இதற்குப் போய் அழுவார்களா என்றாள்.

ஊர் கூடியது. கோயில் முன்னால் நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். முறை யாருடையது என்று கேட்டார்கள். என்னுது, தப்பும் என்னுதுதான், ஊரு இன்னா சொல்தோ கட்டுப்படுறேன் என்றார். அவ்வளவு தெளிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷப் பாடு போனால் வீட்டில் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும், ஆனால் சட்டம் போட்டவர்களும் அவர்கள்தானே.

அந்த நேரத்தில் அத்தையைக் கயிற்றுக் கட்டிலோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்கவில்லை என்றால் ஊர்ந்தே வருவேன் என்று கத்தியிருக்கிறாள். கட்டிலில் படுத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவம்மேல தப்பு இல்ல. ஏரிக்குப் போமாட்டேன்னுதான் நின்னான். நான்தான் கொடியப் புடுங்கிக்கினு தொரத்துனேன். ரோட்டுல நிக்கணும்னு எனக்கு ஆசை. போதுமா?"

"அக்கா, வேணாம்" என்றார் நைனா.

"நீ சும்மா இரு."

அவள் கண்கள் மட்டும் அவர் பக்கம் திரும்பின. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிறவள், ஊரே பார்க்கக் கோயில் முன்னால் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். நைனா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். எல்லோர் முகத்திலும் பெரிய நிம்மதி. தண்டனை இல்லை.

அடுத்த மழைக்கு முன்னால் அத்தை போய்விட்டாள். வேகத்தடையும் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், வேறென்ன சொல்ல? தடை வந்த பிறகு ஊரில் கொடி முறையை விட்டுவிட்டார்கள். நைனா விடவில்லை. தினமும் காலையில் கழியோடு போய் நின்றார். எந்தப் பாட்டைக் காப்பாற்ற அத்தை பொய் சொன்னாளோ, அந்தப் பாட்டுக்கு அவர் போகவே இல்லை. எங்கள் சீட்டு வரும் நாட்களில் சித்தப்பா வலை போட்டார். நைனா கடைசிக் கூடை கடந்த பிறகு யார் படகிலாவது கூலிக்குப் போனார். அம்மா சண்டை போட்டு, அழுது, ஓய்ந்துபோனாள். என் வகுப்பில் அவரை டிராபிக் போலீஸ் என்றார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. வயதாகி முட்டி மடங்க மறுக்கும் வரை நின்றார்.

இப்போது நான் சென்னையில், தெருக்களுக்குப் படம் போடும் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நடப்பவர்களுக்கு இவ்வளவு, சைக்கிளுக்கு இவ்வளவு, சக்கர நாற்காலி ஏறச் சரிவு என்று எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்குகிறோம். நல்ல வேலைதான். படத்தில் நடந்து போகிற மனிதனுக்கு ஒரு சின்ன உருவம் உண்டு. அவன் கைகளை வீசிக்கொண்டு, தலையில் ஒன்றும் இல்லாமல், எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய கழுத்தோடு நடக்கிறான். ஒருமுறை அவன் தலையில் பென்சிலால் ஒரு கூடை வரைந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டேன்.

ஊர் கூடிய அந்த நாள்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கூட்டம் கலைந்ததும் நான் கோயிலிலிருந்து வீட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன். அம்மாவிடம் கத்திச் சொன்னேன், தம்பியைத் தூக்கிச் சுற்றினேன். நைனா பின்னால் மெதுவாக வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். "நைனா, நாம தப்பிச்சிட்டோம்!" என்று அவர் முதுகில் தொற்றிக்கொண்டேன். அவர் என் கைகளை எடுத்துக் கீழே விட்டுவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஊர் கொடுக்கவிருந்த தண்டனை ஒரு வருஷத்தோடு முடிந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.