கொடியில் காய்ந்த அரிசி அட்டை

எனக்குக் காகிதப் பைத்தியம். கரண்டு பில், மருந்துக்கடைச் சீட்டு, பழைய பஸ் டிக்கெட், எதையும் கிழிக்க மாட்டேன். இலங்கையில் போர் முடிந்த மாதங்களில் முள்வேலி முகாமில் கிடந்தவனுக்கு இது லேசில் தெளியாது. அங்கே காகிதம் இல்லாதவன் ஆளே இல்லை. அந்த முகாமின் அரிசி அட்டையையும், அங்கேயே இறந்த அம்மாவின் மரணச் சீட்டையும் தூத்துக்குடி வரை கொண்டுவந்து, ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் ஒளித்து வைத்திருந்தேன். மனைவிக்குக்கூடக் காட்டியதில்லை.

எங்கள் தெருவில் வெள்ளம் புகுந்த அன்று, அரிசி வாளியைத் தூக்கச் சொன்னாள் அவள். நானோ ஃபைலைத் தலையில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி நடந்தேன். மாடிப்படிக்கு இரண்டடி முன்னால் வழுக்கி, ஃபைலோடு முங்கி எழுந்தேன். வாளியை அவளே தூக்கி வந்தாள். ஒரு மணி அரிசி நனையவில்லை.

வெயில் வந்ததும் மொட்டைமாடிக் கொடியில் காகிதங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். இத்தனை வருடம் ஒளித்ததைப் பனியன்களுக்கு நடுவே காயப்போட்ட புத்திசாலி நான். எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா, துணி எடுக்க வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, இந்தச் சீட்டுல ஒங்கம்மா தவறுன தேதி போட்டிருக்கு. அதுக்குப் பொறவும் இந்த அட்டையில மூணு பேருக்கு அரிசி வாங்கியிருக்கிய?"

பார்த்தேன். அட்டையில் அம்மாவின் பெயர் கரைந்து நீலத் திட்டாகியிருந்தது. அரிசி வாங்கியதற்குத் தேதியோடு போட்ட குறிகள் மட்டும் அப்படியே இருந்தன. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் எனக்குத் துப்பில்லை.

"ஓம். மூண்டு கிழமை வாங்கினனான். புதைக்கிற ஆக்கள் வேற, அரிசி குடுக்கிற ஆக்கள் வேற. நான் சொல்லேல்ல. தங்கச்சிக்குப் பசி."

தன் திருட்டுக்கான சாட்சியத்தைத் தானே பத்திரப்படுத்திய திருடன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அரிசி வாங்கியதுகூடப் பெரிதில்லை. அந்த மூன்று வாரமும் நான் அழவில்லை. அழுதால் வரிசையில் நிற்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களே என்ற பயம். அப்புறம் அழுவதற்கு வெட்கமாகிவிட்டது.

வீட்டுக்காரம்மா அட்டையைக் கழற்றி நிழலில் வைத்தார்.

"வெயில் பட்டா மிச்ச மையும் போயிரும். ஒங்கம்மா பேரச் சொல்லுங்க, எழுதிருவோம்."

சொல்ல வாயெடுத்தேன். பெயர் வரவில்லை. பாழாய்ப்போன அழுகைதான் வந்தது, நனைந்த லுங்கியோடு, தெருவே பார்க்க.