காச்யப கோத்திரத்துப் பேட்ரிசியா

"ஸ்ரீ காருண்ய ஜல சபையின் ஸ்தாபகர் ஸ்ரீமதி வேதவதி ரங்கநாதன் அவர்கள் கருவிலேயே திருவுடையவர். ஐயம் என்பதே அறியாதவர். நரகங்களின் உண்மையைப் பால்யத்திலேயே உணர்ந்து, அவற்றிலிருந்து ஆத்மாக்களைக் கரையேற்ற வந்தவர்."

சபையின் பன்னிரண்டாம் ஆண்டு மலரில், ஐந்தாம் பக்கத்தில், வண்ணப்படத்துக்குக் கீழே இப்படிப் போட்டிருக்கிறது. இதில் தயங்காமல் ஒப்புக்கொள்ளக்கூடியது, அவள் ரங்கநாதனின் மனைவி என்பது ஒன்றுதான்.

வேதவதி தென்னூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பிறந்து, அதே வீதியில் ஆறு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். அவள் அப்பா ரங்கசாமி ஐயங்காருக்கு நரகம் பற்றி இரண்டு கொள்கைகள் இருந்தன. பொய் சொன்னால், அடுத்தவர் பண்டத்தைத் தின்றால் நரகம் நிச்சயம் என்பது ஒன்று. பெருமாளைச் சரணடைந்தவனை யமன் தொடமாட்டான் என்பது மற்றொன்று. எட்டு வயதில் வேதவதி இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். நம் வீதியில் எல்லோரும் சரணடைந்தவர்கள். அப்படியானால் நரகத்தில் யார்தான் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"அக்கரையில நிறைய பேர் இருக்கா," என்றார் அப்பா. விளையாட்டாகச் சொன்னதுதான். குழந்தை அதை விடையாக எழுதிக்கொண்டுவிட்டது.

அக்கரை என்றால் திருச்சி. கல்லூரியும் அங்கேதான் இருந்தது. முதல் நாளே பக்கத்து இருக்கையில் பேட்ரிசியா வந்து உட்கார்ந்தாள். பாலக்கரைப் பெண். வேதவதியின் தயிர்சாதத்தைக் கேட்காமலே எடுத்துத் தின்றாள். வாயைத் திறந்தால் பாதிக்கு மேல் பொய். அப்பாவின் பட்டியல்படி எந்த வகையிலும் தேற வழியில்லாதவள். இரண்டரை வருஷம் இருவரும் ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். இரண்டாயிரமாம் ஆண்டு, மூன்றாம் வருஷப் படிப்பின் நடுவில், நாலு நாள் காய்ச்சலில் பேட்ரிசியா போய்விட்டாள்.

சாவு வீட்டிலிருந்து வந்து தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் காயுமுன்பே வேதவதி கூடத்துக்கு வந்தாள்.

"அப்பா, பேட்ரிசியா இப்போ எங்க இருக்கா?"

அப்பாவுக்கு விடை தெரியாத கேள்வி என்று எதுவும் அதுவரை வந்ததில்லை. அவர் அங்கவஸ்திரத்தை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். வம்பு அதனால்தான் வந்தது. அன்றைக்கு அவர் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் பெண்ணின் பக்தி பிழைத்திருக்கும்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் வேதவதி கோயிலுக்குள் போகவில்லை. வேறு ஊராயிருந்தால் இதில் ஒன்றும் கஷ்டமில்லை. ஸ்ரீரங்கத்தில் நம்பிக்கை போனவள் நடந்து போக ஒரு வீதி கிடையாது. உத்தர வீதியில் கிளம்பி நாலு முனை திரும்பினால் புறப்பட்ட வாசலுக்கே வந்து நிற்கலாம்; உள்பக்கம் மதில், வெளிப்பக்கமும் மதில். அதையும் தாண்டினால் இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். கல்யாணமானபின் மாமியார் ஏகாதசி தவறாமல் கூப்பிட்டார். மறுக்கவும் முடியாது, போகவும் முடியாது. வேதவதி கோபுர வாசல்வரை போவாள். "நீங்க சேவிச்சுட்டு வாங்கோம்மா, நான் செருப்பைப் பார்த்துக்கறேன்" என்பாள். குடும்பத்தின் செருப்புகளுக்கு அவளைப்போல ஒரு காவல் அமைந்ததே இல்லை.

எல்லோரும் கரையேறுவதானால் நான் ஒருவன் நரகம் போகிறேன் என்று ஓர் ஆசாரியர் சொன்ன கதையை அந்த வீதியில் பெருமையோடு சொல்லாத வீடில்லை. அவருக்கப்புறம் நம் வீதியிலிருந்து வேறு யாராவது பெயர் கொடுத்திருக்கிறார்களா என்று ஒருநாள் கேட்டாள். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை.

ரங்கநாதன் மின்வாரியத்தில் கிளார்க். ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். பேட்ரிசியா கதையைக் கல்யாணமான புதிதில் அவரிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். இரண்டாயிரத்துப் பதினொன்றில், மகாளய அமாவாசையன்று காலை, பஞ்சகச்சத்தைச் சரிசெய்துகொண்டே அவர் கேட்டார்:

"உன் சிநேகிதி பேரு பேட்ரிசியாதானே? கோத்ரம் தெரியலேன்னா காச்யப கோத்ரம்னு சொல்லலாமாம். வாத்தியார்கிட்ட கேட்டுட்டேன்."

மகாளய தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, பாட்டி எல்லோருக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டபின், காருண்ய பித்ருக்கள் என்று ஒரு வகை உண்டு. மாமன், குரு, சிநேகிதன் என்று, பிண்ட பாத்தியதை இல்லாதவர்களுக்கு இரக்கப்பட்டு விடும் தண்ணீர். பசி நேரத்தில் எல்லோரும் வேகமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். சிநேகிதி எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்று யாரும் கேட்டதில்லை. தர்ப்பணம் பண்ணிவைக்கிற வாத்தியாரும் கொஞ்சம் யோசித்தாராம். "சிநேகிதாள்னுதான் இருக்கு. எந்தத் தெருன்னு போடலை" என்றாராம்.

காவிரிக்கரையில், அம்மா மண்டபத்துப் படித்துறையில் வேதவதி இரண்டு படி மேலே நின்றாள். அந்தப் பெயரை ரங்கநாதனின் நாக்கு இரண்டு முறை தடுக்கி மூன்றாம் முறை சரியாகச் சொன்னது. நரகம் இல்லை என்று அதனால் நிரூபணமாகிவிடவில்லை. ஆனால் அடைத்தே கிடக்கிறது என்று பதினோரு வருஷமாக முறைத்துக்கொண்டிருந்த பெருங்கதவில், ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்குத் திட்டிவாசல் ஒன்று எப்போதும் திறந்தே இருந்திருக்கிறது. அன்று சாயங்காலம் அவளாகவே கோயில் வரிசையில் நின்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது வாசலில் விட்ட செருப்பைக் காணோம்.

விஷயம் பரவி, மறுவருஷம் நாலு பெண்கள் ஆளுக்கொரு பெயரோடு வந்தார்கள். ஒருத்திக்கு வீட்டில் வேலை பார்த்த கிழவி, ஒருத்திக்கு மூன்றாம் வகுப்பு டீச்சர். அடுத்த வருஷம் நாற்பது பேர். நாற்பது பேர் சேர்ந்தால் ஒரு செயலாளர் வேண்டும். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற கோபு வந்தார். கோபு வந்ததும் சபை என்று ஒரு பெயர், பேனர், மேசை, ஸ்தாபகருக்கென்று கைவைத்த நாற்காலி. இரக்கத்தைவிடப் பயத்துக்கு ஆள் அதிகம் சேரும் என்பதைக் கோபு சீக்கிரமே கண்டுகொண்டார். துண்டுப்பிரசுரத்தில் எண்ணெய்க் கொப்பரைப் படம் ஏறியது. நரகத்தின்மேல் சந்தேகப்பட்டவள், ஸ்ரீரங்கம் வட்டாரத்துக்கு அதன் பிரதிநிதியானாள்.

இந்த வருஷம் புதிதாக ஏழாவது விதி. பிற மதத்தார், தற்கொலை செய்துகொண்டோர் பெயர்கள் ஏற்கப்படா. அவர்கள் இருக்குமிடத்துக்கு நீர் எட்டாது. ஒவ்வொரு வருஷமும் பட்டியலில் முதலாவதாக நின்ற பேட்ரிசியாவின் பெயர் அடிபட்டுப்போனது.

வேதவதி போய்க் கேட்டாள். "மாமி, அது ஒங்க சொந்த விஷயம். சபைங்கறது பொது," என்றார் கோபு. சபை எதற்காக ஏற்பட்டதோ அதற்கே அதில் இடமில்லை என்பது அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. நிர்வாகத் தெளிவு என்பது அதுதான்.

தென்னூர் மண்டபத்தில் மலர் வெளியீடு. வேதவதி மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். நரகம் இருப்பதாக நான் நம்பவில்லை, பதினோரு வருஷம் கோயிலுக்குப் போகவில்லை, இந்த ஐந்தாம் பக்கத்தில் இருப்பது நானில்லை என்றாள். கூட்டம் அசையாமல் கேட்டது. கோபு மைக்கை வாங்கினார்.

"ஸ்தாபகரோட அடக்கத்தைப் பார்த்தேளா? நம்ம நம்பிக்கையைச் சோதிச்சுப் பார்க்கறா."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. இரண்டு பெண்கள் காலில் விழுந்தார்கள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வீடு திரும்பும்போது வேதவதிக்கு ஒன்று விளங்கியது: நாஸ்திகம் பேசக்கூடக் கேட்கிறவர்களின் தயவு வேண்டும். அது தனக்கு இனிக் கிடைக்காது.

புரட்டாசி அமாவாசை. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. பெயர் கொடுக்கும் வரிசையில் பச்சைமலையிலிருந்து வந்த வள்ளிக்கண்ணு நின்றாள். மரவள்ளி போடும் குடும்பம். நேற்றே கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மகன் சரத்குமார் சித்திரையில் பூச்சிமருந்து குடித்துவிட்டான். கோபு ஏழாவது விதியைப் படித்துக் காட்டினார். கடுமையாக இல்லை, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். அவள் வரிசையைவிட்டு நேரே வேதவதி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வந்தாள்.

"நீங்கதான் இதுக்குப் பெரியவங்கன்னு சொன்னாங்கம்மா. எம்புள்ள நரகத்துலதான் இருக்கானா? அதை மட்டும் சொல்லிருங்க, நான் போயிடறேன்."

இருக்கிறான் என்றால் அது வேதவதியே நம்பாதது. இல்லை என்றால் பின்னால் இருக்கும் பேனர் பொய்யாகும். புடவைத் தலைப்பை மடித்தாள், பிரித்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள். "அவன் பேரச் சொல்லுங்க. எழுதிக்கறேன்."

"மாமி," என்றார் கோபு மெதுவாக. "விதி இருக்கு."

வேதவதி நாற்காலியிலிருந்து எழுந்து, கீழ்ப்படியில் போய் உட்கார்ந்து, சரத்குமாரில் தொடங்கி, அன்று சபை திருப்பியனுப்பியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, பத்தொன்பது பெயர்களையும் பேட்ரிசியாவின் பெயரையும் ஒரு தாளில் எழுதினாள். ரங்கநாதன் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் காவிரியில் எள்ளும் தண்ணீரும் விட்டார்.