அப்பாக்கள் தூங்கும் அறை

பிறரைத் தூங்கவைத்துவிட்டுத் தான் விழித்திருப்பதற்குப் பெயர்தான் நர்ஸ் உத்தியோகம். "தூங்குங்கம்மா, தூங்குங்க" என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து கொட்டாவியை மென்று விழுங்கும் சக சிஸ்டர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களைவிட நான் கொஞ்சம் அதிகமாகவே அனுபவித்துவிட்டேன். போன பங்குனியில் என்னை ஓர் ஆய்வில் போட்டார்கள்.

எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டி வைத்தால், அந்தச் சூட்டிலேயே அது தேறிவிடும். கங்காரு பராமரிப்பு என்று பெயர். இது நமக்கெல்லாம் தெரிந்த சங்கதி. தாயால் முடியாதபோது தகப்பன் மார்பு அந்த வேலையைச் செய்யுமா, நம் பக்கத்து ஆண்கள் அதற்குப் பொறுமையாக உட்காருவார்களா என்பதுதான் ஆய்வு. நர்சிங் கல்லூரி மேடம் ஒருவர் நடத்தினார். கேள்வி அவருடையது, கால்வலி என்னுடையது.

அதற்கென்று ஓர் அறை. ஏசி கிடையாது, ஃபேன் சுற்றுவதா வேண்டாமா என்ற யோசனையிலேயே சுற்றும். பச்சைத் திரைச்சீலை வழியாக வெயில் வந்து அறை முழுவதும் குளத்தடித் தண்ணீர் நிறத்தில் இருக்கும். உள்ளே போனாலே கண் சொக்கும். நான் திண்டிவனத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் தூங்கி, விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஒரு தடவை முழித்து, விழுப்புரத்தில் கண்டக்டர் தட்டி எழுப்ப இறங்குகிறவள். பஸ்ஸில் விட்ட தூக்கம் அந்த அறையில் வந்து தொடரும். அதனால் அந்த நாட்களெல்லாம் எனக்கு ஒரே நீளக் கனவாகத்தான் ஞாபகம் இருக்கின்றன.

அந்தக் கனவுக்கு நடுவில் ஏழுமலை இருந்தார். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர். மனைவி சத்யாவுக்குப் பிரஷர் ஏறி ஃபிட்ஸ் வந்ததில், மாதம் நிறையும் முன்பே பெண் குழந்தையை எடுத்துவிட்டு, அவளைப் பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் திரும்பி வரும்வரை குழந்தையின் சூடு குறையாமல் காப்பாற்ற வேண்டும். அவள் திரும்பி வருவாளா என்பதை அப்போது யாரும் அடித்துச் சொல்லவில்லை.

வாசலில் தகராறு

பிரசவ வார்டுப் பக்கம் வரும் ஆண்களைத் துரத்துவதையே பிறவிப் பயனாகக் கொண்ட செக்யூரிட்டி அக்கா ஒருவர் எங்களுக்கு உண்டு. மாமனார், மச்சான், மந்திரி என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. ஏழுமலை காலையிலேயே வந்து வாசலில் நின்றுவிட்டார். ஒரு கையில் பிளாஸ்டிக் கவர், இன்னொரு கையில் கழற்றிய செருப்பு. "எம் பொண்ண மாருல வச்சிக்க வரச் சொன்னாங்க" என்று அவர் சொன்னதை அக்கா ஒரு பித்தலாட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு நான் ஓடினேன். ஆய்வு என்றேன், மேடம் என்றேன், பெரிய டாக்டரின் அனுமதி என்றேன். அக்கா வழியை விட்டாரே தவிர, கொள்கையை விடவில்லை.

"நாலு மணிக்கு முன்னாடி இந்த வாசலுக்கு உள்ள இருக்கிற ஆம்பள, இங்க பொறந்த ஆம்பளப் புள்ள மட்டும்தான் சிஸ்டர். இன்னிக்கு உங்களால அதுவும் கெட்டுச்சு."

சட்டையைக் கழற்றுங்க

உள்ளே அழைத்துப்போய் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினேன். அவர் படிக்காமலே போட்டார். "படிச்சிட்டில்ல போடணும்" என்று நான் அதட்டியதும், படிப்பதுபோல் தாளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கைகால் கழுவச் சொன்னேன். பிறகு, "சட்டையைக் கழட்டிட்டு அந்தச் சாய்வு நாற்காலியில படுங்க" என்றேன்.

மனிதர் முகத்தில் ரத்தம் இல்லை. பிரசவ ஆஸ்பத்திரிக்குள் ஓர் ஆணைத் தனியே கூப்பிட்டு, கையெழுத்து வாங்கி, சட்டையைக் கழற்றிப் படு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று எங்கள் ஜில்லாவில் எல்லா ஆண்களுக்கும் தெரியும். குடும்பக் கட்டுப்பாடு. மகளை மாரில் வைத்துக்கொள்ள வந்ததே அந்தப் பயத்தில் அவருக்கு மறந்துபோயிற்று. அவர் சட்டைப் பித்தானை இறுகப் பிடித்துக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"இப்பதான ஒன்னு பொறந்துக்குது சிஸ்டர், அதுக்குள்ளயா?"

அசையாதீங்க

குழந்தையை எடுத்து வந்து, தொப்பி போட்டு, காலைத் தவளைபோல மடக்கி, அவர் மார்பின் நடுவில் வைத்துத் துணியைச் சுற்றிக் கட்டினேன். கரும்புச் சோகை கீறின கோடுகள் அந்தக் கைகள் முழுவதும். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. காற்றில் தூக்கியே வைத்திருந்தார். நானே பிடித்துக் குழந்தையின் முதுகில் வைத்தேன். "ரெண்டு பிடி மல்லாட்டை கனங்கூட இல்லியே" என்றார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.

"ரொம்ப அசையாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனவள், வேலை இழுத்துக்கொண்டு போனதில் வெகுநேரம் கழித்துத்தான் வந்தேன். போட்டது போட்டபடி இருந்தார். கழுத்துகூடத் திரும்பவில்லை. மூக்கு நுனியில் ஓர் ஈ சாவகாசமாக உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. உதடு அசையாமல் அவர் என்னிடம் சொன்னது இது:

"ரொம்ப நேரமா உக்காந்துக்கினு இருக்குது சிஸ்டர், பாப்பா எழுந்துக்கப் போவுது, நீங்களே மெதுவா ஓட்டி வுடுங்க."

திண்டிவனத்து மாப்பிள்ளை

அடுத்த நாற்காலிக்கு எங்கள் ஊர் ஆட்டோக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். இரட்டைக் குழந்தைகள். ஒன்று அம்மாவிடம், ஒன்று இவரிடம். முதல் நாள் சட்டையைக் கழற்றியவர், தன் மார்பைப் பார்த்துத் தானே யோசனையில் ஆழ்ந்தார். மறுநாள் வரும்போது மார்பு பளிங்கு மாதிரி இருந்தது. நாலைந்து இடத்தில் பிளேடு கீறல். முடி பாப்பாவைக் குத்துமாம். அதெல்லாம் தேவையே இல்லை என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"எங் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ சுத்தமா ஷேவ் பண்ணிக்கல சிஸ்டர், சும்மா இருங்க."

கனவுக்குக் கட்டம் இல்லை

மேடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தார். 'குழந்தையை மார்பில் வைத்திருக்கும்போது என்ன உணர்ந்தீர்கள்?' மகிழ்ச்சி, பயம், கூச்சம், சோர்வு என்று கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும். நான் வாசித்துக் காட்டியதும் ஏழுமலை, "கனாதான் வருது சிஸ்டர்" என்றார்.

தென்பெண்ணையில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறதாம். அவர் மல்லாந்து மிதக்கிறார். மார்பின் மேல் குழந்தை. கரையோரமாகச் சத்யா நடந்து வருகிறாள். இவர் கூப்பிடுகிறார், அவள் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறாள். ஆனால் தண்ணீர் போகிற வேகத்துக்குக் கூடவே நடந்து வருகிறாள். ஆறு எங்கும் போய்ச் சேரவில்லை, பயமும் இல்லை என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே கண் செருகியது. குழந்தையின் மூச்சும் அவர் மூச்சும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கும் காலடியில் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தது. பேனாவை மூடிவிட்டு வெளியே வந்து மேடத்துக்குப் போன் செய்து, இதை எங்கே எழுதுவது என்று கேட்டேன்.

"நம்ம படிவத்துல கனவுக்குக் கட்டம் இல்லம்மா, 'மற்றவை'ன்னு போட்டுடுங்க."

பகல் இரண்டு மணி

நித்திரை சுகம் அறியாது என்பார்கள். எங்கள் அறையின் நித்திரை சுகத்தை நன்றாகவே அறிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே யாரும் மனிதராக இருப்பதில்லை. ஆட்டோக்காரர் ஆட்டோ ஓட்டுகிற மாதிரியே குறட்டை விடுவார். ஏழுமலை சத்தமில்லாமல் தூங்குவார், கை மட்டும் குழந்தையின் முதுகை விட்டு நகராது. தாய்ப்பால் வங்கியிலிருந்து வரும் பாலைப் பாலாடையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவேன். குழந்தையும் தூக்கத்திலேயே குடிக்கும். எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. பாண்டியிலிருந்து மட்டும் ஒரு நல்ல சேதியும் இல்லை. கண் திறந்தாள், மறுபடி மூடிக்கொண்டாள் என்று மட்டும் சொன்னார்கள்.

பாலாடையைக் கழுவி வைத்துவிட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம்தான் என்று இன்றைக்கும் சாதிப்பேன். கண்ணைத் திறந்தபோது வார்டு இன்சார்ஜ் ஸ்டெல்லா சிஸ்டர் இடுப்பில் கை வைத்து எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் இரண்டு கைகளும், இல்லாத குழந்தை ஒன்றை என் மார்போடு அணைத்தபடி இருந்தன. திட்டப்போகிறார் என்று எழுந்தேன். அவரோ குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்லவேளை, நீ சட்டைமேல கோட்டு போட்டுக்கினு இருக்கே. இல்லன்னா உம் மேலயும் ஒரு புள்ளயக் கட்டிட்டுப் போயிருப்பேன்."

மேஸ்திரியின் போன்

ஆலையிலிருந்து கரும்பு வெட்ட ஆர்டர் வந்துவிட்டது. கோஷ்டி முழுவதும் கண்டாச்சிபுரம் பக்கம் போகிறது. இன்று வந்து சேராவிட்டால் இந்த வருஷம் ஏழுமலைக்குக் கோஷ்டியில் இடம் கிடையாது. போனில் மேஸ்திரி போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. குழந்தைக்கு இன்னும் மார்புச் சூடு தேவைப்பட்டது. வார்மரில் போட்டால்கூடக் கால் சில்லிட்டு, எடை நின்றுவிடுகிறது. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆய்வு முடிந்தால் நான் வேறு வார்டுக்குப் போவேன், அவர் அரிவாளுக்கு அடுத்த வருஷம்வரை வேலை இருக்காது. நான் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கட்டியிருந்த துணியைப் பார்த்தார். பிறகு போனை வாயருகே கொண்டுபோய் ரகசியம்போல் சொன்னார்:

"மேஸ்திரி, வர முடியாதுங்க. மெதுவாத் திட்டுங்க, பொண்ணு தூங்குது."

சத்யா

ஒருநாள் காலை ஆம்புலன்ஸில் அவளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிழைத்துவிட்டாள். எனக்கு ஆனந்தத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சக்கர நாற்காலியில் வைத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். தகப்பன் மார்பிலிருந்து தாய் மார்புக்கு மாற்றுகிற அந்தக் காட்சியை மனசுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். கட்டை அவிழ்த்துக் குழந்தையை எடுத்துச் சத்யாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"யாரு புள்ள இது?" என்றாள்.

ஃபிட்ஸ் வந்தவர்களுக்கு அப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன். வலி வந்தது, ஆம்புலன்ஸ், ஆபரேஷன், எதுவுமே அவள் நினைவில் இல்லை. தலைவலி என்று வீட்டில் படுத்தவள் பாண்டியில் கண் விழித்தபோது வயிறு மட்டும் காலியாக இருந்திருக்கிறது. குழந்தை செத்துப்போனதாகவே எண்ணி, மனசுக்குள் அதை அவள் அழுது முடித்துவிட்டாள். இப்போது ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால் எப்படி நம்புவாள்? கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையைக் காட்டினேன். படித்தாள், தலையைத் திருப்பிக்கொண்டாள். ஏழுமலை நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். யாரோ ஊரார் கதையைக் கேட்பதுபோல் கேட்டாள். "என்ன ஏமாத்தாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

குழந்தை சிணுங்கத் தொடங்கியது. சூடு குறைகிறது. ஏழுமலை அதை மறுபடி வாங்கிக்கொள்ள அவள் எதிரில் குனிந்தார். அப்போதுதான் சத்யா அவர் மார்பைப் பார்த்தாள். பங்குனி வெயிலில், காற்றில்லாத அறையில், நாள் முழுக்க ஓர் உயிரைக் கட்டிக்கொண்டு கிடந்த மார்பு. கொத்துக் கொத்தாய் வேர்க்குரு, செக்கச் செவேல் என்று, குழந்தை கிடந்த வடிவத்திலேயே. ஒரு பக்கம் சின்னக் கன்னம் பதிந்த வட்டம், நடுவில் வயிறு, கீழே மடங்கிய இரண்டு கால்கள். துணி கட்டின இடத்தில் மட்டும் தோல் வெளுத்திருந்தது.

அவள் விரலை நீட்டி அந்தக் கன்னத்து வட்டத்தைத் தொட்டாள். பிறகு காலை. அப்புறம் என் கையிலிருந்த குழந்தையின் காலைப் பார்த்தாள். "அரிக்குதாய்யா?" என்று கேட்டாள். "அதெல்லாம் இல்ல" என்றார் ஏழுமலை. சத்யா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே இரண்டு கையையும் என் பக்கம் நீட்டி, அவரைத்தான் அதட்டினாள்:

"பொய் சொல்லாத, எம் பொண்ண இப்படிக் குடுத்துட்டு, மொதல்ல போயி மாருக்குப் பவுடர் போட்டுக்க."

அப்பாவின் மார்புச் சூடு அம்மாவுக்கு ஈடாகுமா என்று மேடம் இன்னும் இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருக்கிறார், நானோ பணி முடிக்கும் அப்பாக்களுக்கு ஆளுக்கொரு பவுடர் டப்பா வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு, திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்துத் தூங்கப் போய்விட்டேன்.