மங்கலாகத் தெரிந்த ஃபோல்டர்

திருக்கழுக்குன்றத்தில் போட்டோ பிரிண்ட் போடும் கடை வைத்திருந்தேன். எட்டாவதுதான் படித்தேன். கம்ப்யூட்டர் பார்த்துப் பழகியது. யார் பென் டிரைவ் கொடுத்தாலும், மறைந்திருக்கும் ஃபைல்களை முதலில் காட்ட வைப்பேன். அவை மங்கலாகத் தெரியும். மங்கலாக இருந்தால் வைரஸ் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கேட்காமலே அழித்துவிடுவேன்.

ஒருநாள் லாரி டிரைவர் மனைவி மேரி வந்தார். மகள் வளைகாப்புப் படங்களை ஆல்பம் போட்டு, சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மங்கலான ஃபோல்டரை வழக்கம்போல் அழித்தேன். அதே பெயரில் பளிச்சென்று இருந்ததைத் திறந்தேன். படம் இல்லை. பிறகுதான் புரிந்தது. வைரஸ் படங்களை மறைத்துவிட்டு, அந்தப் பெயரில் தான் உட்கார்ந்திருந்தது. நான் அழித்தது படங்களை.

"இன்னாண்ணா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

டிரைவ் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"வைரஸ்னு நெனச்சி நான்தான் படத்த அழிச்சிட்டேம்மா."

அவர் சிரித்தார். பர்ஸிலிருந்து இன்னொரு பென் டிரைவை எடுத்தார்.

"லாரிக்காரன் வூட்ல ஸ்டெப்னி டயரு இல்லாமயா? போன வாரம் வேற ஒரு கடையிலயும் படம் போச்சு. மொதல்ல குடுத்தேனே, அந்த டிரைவத்தான் கெட்டுப்போச்சுன்னான் அவன். அவன் கையில ஸ்டெப்னிய குடுப்பேனா? வூட்ல போயி இதுலேர்ந்து அதுல மறுபடி ஏத்திகினு வந்தேன்."

அதிலும் ஒரு ஃபோல்டர் மங்கலாக இருந்தது.

"தொறக்கட்டுமாம்மா?"

"தொற. அழிச்சிடாத."

திறந்தேன். மகள் கை நிறைய வளையலோடு சிரித்தாள்.

இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன். அன்று எனக்கு உதவியது கம்ப்யூட்டர் அறிவு இல்லை. பொய் சொல்ல வராததுதான்.