எண்பது எண்ணி ஒரு கரண்டி

உப்பளத்துச் சாலையில் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கால் முறிந்தபோது, நான் ஒரு சென்னைப் பத்திரிகைக்குத் தூத்துக்குடியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். யுத்த காலம். துறைமுகத்தைப் பற்றி எதை எழுதினாலும் தணிக்கைக்குப் போய்ப் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் நான் படுத்துவிட்டதில் பத்திரிகைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. காலுக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, ஆறு வாரம் அசையக் கூடாது என்றார் டாக்டர். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் பார்த்துக்கொண்டே இருந்தேன். தலையணைக்கு அடியில் கைக்கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தன.

எதிர்க் கட்டிலில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து கிடந்தார். தையல் வலித்தாலும் வாதம் செய்வதை அவர் நிறுத்தவில்லை. எங்கள் வார்டு நர்ஸ் தேரிக்காட்டுப் பக்கத்துப் பெண், பனையேறியின் மகள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். மூன்று வருஷம் நர்ஸ் பயிற்சி முடித்து வந்தவள். அவள் அந்தப் பக்கம் போனதும் வாத்தியார் ஆரம்பிப்பார்.

"வக்கீல் பாக்குதது தொழில். டாக்டர் பாக்குதது தொழில். ஏன்? சொந்தமா முடிவு பண்ணுத அதிகாரம் இருக்கு. இந்தப் பிள்ள டாக்டர் சொன்னதச் செய்யுது, அவ்வளவுதான். காய்ச்சக்காரனுக்கு மேலத் துடைச்சு விடுததும் கஞ்சி ஊட்டுததும் என் சம்சாரமும்தான் செய்யுதா. அவ என்ன தொழில்காரியா?"

நான் முழுதாக மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் நர்சுகளுக்கு 'தன்னலமற்ற தொண்டு' என்ற இரண்டு சொல்லை ஒதுக்கிவிட்டு மேலே போவது என் வழக்கம். அந்த இரண்டு சொல்லை எந்த ஆசிரியரும் வெட்டியதில்லை.

ஒருநாள் காலை வாத்தியார் அவளிடமே கேட்டுவிட்டார். "ஏ பிள்ள, நீ செய்யுதது தொழிலா, தொண்டா? சொல்லு பாப்போம்."

அவள் வெப்பமானியை உதறி அவர் நாக்குக்கு அடியில் வைத்தாள். "வாயத் தொறக்காதீங்க சார். மூணு நிமிஷம்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்று அவள் ஐந்து நிமிஷம் வைத்திருந்தாள்.

இன்னொரு நாள், என் முதுகில் புண் வராமல் ஸ்பிரிட் தேய்த்துவிட்டபோது, நீ தெய்வம் மாதிரி அம்மா என்று நான் சொல்லிவைத்தேன். "தெய்வத்துக்கு லீவு கெடையாது சார். எனக்கு ஞாயித்துக்கெழம அரைநாள் உண்டு" என்று சொல்லிவிட்டு, புரண்டு படுக்காதீர்கள் என்று மறுபடி எச்சரித்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது வாரம் என் பக்கத்துக் கட்டிலுக்கு, கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிற ஒருவரைக் கொண்டுவந்தார்கள். புன்னைக்காயல்காரர். முப்பத்தைந்து வயது. பீப்பாய் போன்ற மார்பு. அதற்குக் கீழே ஒட்டிய வயிறு. டைபாய்டு. அதற்கு அப்போது மருந்தே கிடையாது. மூன்று நான்கு வாரம் மல்லாக்கப் படுக்க வைத்து, உடம்பைத் துடைத்து, தெளிந்த ஆகாரமாக வாய்க்குக் கொடுத்து, குடல் புண் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். ஆறினால் பிழைப்பார். நடுவில் குடல் கிழிந்தால் போய்விடுவார். டாக்டர் இதை அவருடைய மைத்துனரிடம் வராந்தாவில் வைத்துச் சொன்னபோது எங்களுக்கும் கேட்டது.

அந்த மைத்துனர் நோயாளியுடைய மனைவியின் தம்பி. அக்காள் எட்டு மாதக் கர்ப்பிணி; ஊரைவிட்டு வர முடியாது. அதனால் இவர் வந்து கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். கழுத்தில் செபமாலை, தோளில் நீளமான சிவப்புத் துண்டு. சாப்பிட மட்டும் எழுந்து போவார்.

சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்லில் காலை ஊன்றிக் கடலடிக்கு இறங்குகிறவனின் கயிறு, மேலே தோணியில் நிற்கும் ஒருவன் கையில் இருக்கும். அவன் மைத்துனனாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவனைக்கூட நம்புவதில்லை. அவனுக்குச் சொத்தில் கண் இருக்கலாம். மைத்துனன் கையை விட்டால் அறுவது அவன் அக்காள் தாலி. ஆகவே விடமாட்டான். கயிறு அசைந்ததும் இழுத்துவிட வேண்டும். ஏன் அசைந்தது என்று யோசிக்கிறவன் கயிறு பிடிக்க லாயக்கில்லை. இவர் பதினோரு வருஷமாக அத்தானுக்குக் கயிறு பிடிக்கிறவர்.

வந்த நான்காம் நாள் காய்ச்சலின் உச்சத்தில் நோயாளி பிதற்ற ஆரம்பித்தார். தண்ணீர், சேறு, சங்கு விளையும் பார் என்று ஏதேதோ சொன்னார். திடீரென்று மைத்துனரின் துண்டு நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். தரையில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்த மைத்துனர் கண்ணைத் திறக்கும் முன்பே எழுந்துவிட்டார். இரண்டு கையையும் அத்தானின் அக்குளில் கொடுத்து, ஒரே தூக்காகத் தூக்கி உட்கார வைத்தார். அவரைப் பொறுத்தவரை, அத்தானைக் கடலிலிருந்து எடுத்தாகிவிட்டது.

நர்ஸ் ஐந்து கட்டில் தள்ளி நின்றாள். ஓடவில்லை, ஓடினால் வார்டே கலங்கும். வேகமாக நடந்து வந்து, அவரைத் தாங்கிப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மற்றக் கையால் நாடியைப் பிடித்து, மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தை ஒரு நிமிஷம் முழுக்கப் பார்த்தாள். பிறகு கட்டிலில் தொங்கிய சீட்டில் எதையோ குறித்துவிட்டு, மைத்துனர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, கடல்ல கயிறு எத்தன தடவ அசைஞ்சா இழுப்பிய?"

"ஒரு தடவதான். ரெண்டாந்தடவ அசைக்க ஆளு இருக்கமாட்டான்."

"இங்கன அவரு இழுத்தா நீங்க இழுக்கக் கூடாது. அவரு கொடலு இப்ப நனைஞ்ச காயிதம் மாதிரி இருக்கு. என்னயக் கூப்பிடுங்க."

மைத்துனர் துண்டை மடியில் சுருட்டிக்கொண்டார். "தப்பா நெனைக்காதீக நர்சம்மா. கயித்த நாங்க அந்நியங்கையில குடுக்குததில்ல."

"நான் அந்நியந்தான். அதனாலதான் கேக்குதேன். அவரு கெஞ்சினா ஒங்க மனசு எளகும். எம் மனசும் எளகத்தான் செய்யும். ஆனா கை எளகாது. அதுக்குத்தான் மூணு வருசம் படிச்சேன்."

மைத்துனர் பழையபடி தரையில் உட்கார்ந்தார். ஒப்புக்கொண்ட முகமாக இல்லை.

நோயின் மூன்றாவது வாரக் கடைசியில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. பிதற்றல் போய்ப் பசி வந்தது. அந்த நோயில் அதுதான் மோசமான கட்டம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆள் பிழைத்துவிட்டது போலத் தெரியும். குடல் இன்னும் ஆறியிருக்காது. பார்லித் தண்ணீரும் மோர்த் தெளிவும் அந்த உடம்புக்கு எம்மாத்திரம்! "ஏலே மாப்ள, ஒரு வாய் சோறுலே. ஒரே வாய்" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்பார். பகலெல்லாம் துண்டை இழுப்பார். ஒவ்வோர் இழுப்புக்கும் மைத்துனரின் தோள் துடிப்பதைப் பார்க்க முடிந்தது. பதினோரு வருஷப் பழக்கம் அது.

ஒருநாள் மத்தியானம், டாக்டர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். நர்ஸ் வார்டின் மறுகோடியில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். மைத்துனர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தூக்குச் சட்டியை எடுத்தார். மூடியைத் திறந்ததும் மீன் குழம்பு வாசனை எனக்கு வந்தது. ரேஷன் கார்டு அரிசிச் சோறு. ஊரிலிருந்து அக்காள் கொடுத்தனுப்பியது. முள் ஆய்ந்த சாளை மீன். அவர் ஒரு பிடி எடுத்து உருட்டினார். நோயாளி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். அவர் கண்ணிலிருந்து நீர் காதோரமாக வழிந்தது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் குரல் கொடுத்திருக்கலாம். கையெட்டும் தூரம். டாக்டர் சொன்னதும் எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டார் விஷயம், பசித்தவன் வாய், அக்காள் ஆக்கிய சோறு என்று ஏதோ ஒன்று என் வாயைக் கட்டியது. எதிரே பார்த்தேன். வாத்தியாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரும் பேசவில்லை. அந்த இடத்தில் வேறு எந்த நல்ல மனுஷன் படுத்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பான் என்று நினைக்கிறேன்.

சோற்றுருண்டை வாய்க்கு அருகில் போய் நின்றது. மைத்துனரால் கொடுக்கவும் முடியவில்லை, கையை எடுக்கவும் முடியவில்லை. அப்படியே முகத்தை மட்டும் திருப்பி, வார்டு அதிரக் கத்தினார்.

"நர்சம்மா! இந்தக் கயித்தப் பிடிங்க!"

அவள் வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த சோற்றைச் சட்டியில் போடச் சொல்லி, சட்டியை மூடி என் கட்டிலுக்கு மறுபக்கம் வைத்தாள். துண்டு நுனியை நோயாளியின் விரல்களிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் மணிக்கட்டைக் கொடுத்தாள். அவர் அதை இழுத்தார், பலமாக. அவள் கை அசையவில்லை.

"அண்ணாச்சி, அடியில போனா எத்தன எண்ணுத மட்டும் மூச்ச அடக்குவிய?" என்று நோயாளியைக் கேட்டாள்.

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. அழுகை நின்றது. "நல்ல தண்ணின்னா எம்பது. எம்பத்தஞ்சு."

"எம்பது எண்ணுங்க. ஒரு கரண்டி மோர்த் தெளிவு தாரேன். பெறவு மறுபடி எம்பது. சோத்த நெனச்சா எண்ணிக்க தப்பிரும், முதல்லருந்து எண்ணணும்." பிறகு மைத்துனரிடம், "நீங்க சத்தமா எண்ணுங்க. அவரு மனசுக்குள்ள எண்ணட்டும்" என்றாள்.

மைத்துனர் எண்ண ஆரம்பித்தார். எண்பதில் ஒரு கரண்டி. மறுபடி எண்பதில் ஒரு கரண்டி. ஐம்பதில் நோயாளி துண்டைத் தேடினால், "இன்னும் முப்பது இருக்கு அத்தான்" என்பார் மைத்துனர். கடலில் அத்தான் மேலே வரும் வரை தோணியில் நின்று எண்ணுகிறவர்தானே! எண்ணத் தெரியும். நாலாவது கரண்டிக்குப் பிறகு அவள் கரண்டியை மைத்துனரிடமே கொடுத்துவிட்டு, பாதியில் விட்ட கட்டை முடிக்கப் போனாள். முறைக்கு எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு ஒரு முறை என்று சீட்டில் எழுதிவிட்டுத்தான் போனாள். டாக்டர் சாப்பிட்டுத் திரும்பி வந்து சீட்டைப் படித்தார். ஒன்றும் மாற்றவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வாத்தியார் என்னைப் பார்த்துச் சொன்னார். "நான் சொன்னது சரியாப் போச்சு பாத்தியளா. இந்த எம்பது கணக்கு எந்தப் பொஸ்தகத்துல இருக்கு? பொஸ்தகத்துல இல்லாதது கைப்பழக்கம், தொழில் இல்ல."

"முப்பது வருஷம் பாடம் நடத்தினீங்களே சார், அதில் எத்தனை புத்தகத்தில் இருந்தது?" என்றேன்.

"ஒமக்குப் பத்திரிகப் புத்தி" என்று சொல்லிவிட்டு வாத்தியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு அந்த வாதத்தை அவர் எடுக்கவில்லை. ஆனால் அவள் வரும்போது காலைக் கொஞ்சம் மடக்கிப் படுத்துக்கொள்வார். ஒரு பெரிய ஆபீசர் வந்தால் மரியாதைக்குச் செய்வது போல.

ஒன்பது நாள் வார்டில் எண்ணிக்கை கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கே எண்பது வரை மூச்சடக்கிப் பார்க்கும் ஆசை வந்து, நாற்பதில் தோற்றேன். காய்ச்சல் முற்றிலும் விட்டு, அதற்கு மேலும் ஒரு வாரம் சென்ற பிறகு டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, குழைந்த சோறு கொடுக்கலாம் என்றார்.

ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து சிறு கிண்ணத்தில் சோறு வந்தது. நர்ஸ் அதைக் கரண்டியால் மசித்தாள், விரலால் தொட்டுச் சூடு பார்த்தாள், உப்புப் போட்டாள். வார்டு முழுவதும் எங்களைப் போல் நகர முடியாதவர்கள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தார்கள். அவள்தான் ஊட்டுவாள் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். மைத்துனரும் அப்படித்தான் நினைத்தார்; எழுந்து இடம் விட்டு நின்றார். அவள் கிண்ணத்தை அவர் கையில் வைத்தாள்.

"இனி நீங்க குடுக்கலாம் அண்ணாச்சி. அஞ்சு வாய். ஆறாவது நாளைக்கு."

அவர் முதல் வாய் ஊட்டியபோது இருவரும் அழுதார்கள். வாத்தியார் மூக்கைச் சிந்தினார். நான் அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். அதில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும் ஆசை. அவள் அங்கே இல்லை. அன்று காலை மணப்பாட்டிலிருந்து வந்திருந்த ஒரு கிழவரின் கட்டிலருகே நின்று, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தன் மார்பிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்ததும் கையை மெதுவாகப் போர்வைக்குள் வைத்துவிட்டு, "ராத்திரி தூங்கினியளா, தாத்தா?" என்று கேட்டாள்.