அன்றே தலைமுழுகிய வீடு

நாலு மணிக்கு அடக்கம் என்று இராஜபாளையம் முழுக்கப் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. ஜெனிலா ஸ்கூட்டியை எடுத்தபோதே மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

"எங்கட்டி கிளம்பிட்ட, ஆச்சிய இப்படிப் போட்டுட்டு?" பந்தலுக்குள்ளிருந்து ராபர்ட் மாமா கத்தினார்.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாமா. ஆச்சியோட தங்கச்சியக் கூட்டிட்டு வாரேன்."

"அவிய வந்து கிழிச்சாவ. எங்கம்மா உசுரோட இருக்கையிலயே செத்துட்டான்னு இருந்தவிய. நாளைக்குத் தேரு, அந்தக் கூட்டத்துல மாட்டிக்காத. நாலுன்னா நாலுதான். போதகருக்கு அடுத்தாப்புல ஒரு கல்யாணம் இருக்கு."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏசம்மாள் ஆச்சி பேத்தியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்: "பெட்டிய மூடுறதுக்கு முன்ன என் தங்கச்சி காஞ்சனா எம் மூஞ்சியப் பாத்துரணும்ட்டி."

ஏசம்மாள் பிறந்தபோது அவள் பெயர் செங்கமலம். ஆண்டாள் கோயிலைச் சுற்றியே வாழ்ந்த வைணவக் குடும்பம். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போன இடத்தில், மில் ஆபீசில் வேலை பார்த்த தவசிமுத்துவைப் பிடித்துப்போயிற்று. ஞானஸ்நானம், புதுப்பெயர், கல்யாணம் எல்லாம் ஒரே மாதத்தில் முடிந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் தவசிமுத்து மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அவள் பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் சேர்ந்தாள். பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி இருமல் கூடவே தங்கிவிட்டது. மகள் பிரசவத்தில் இறந்தபோது கைக்குழந்தை ஜெனிலாவையும் அந்த இருமலோடுதான் தூக்கி வளர்த்தாள். சபையில் ஜெபம் பண்ணும்போது வாய் தவறிப் 'பெருமாளே' என்று வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துச் சிரிப்பாள். பிறந்த ஊர் அரை மணி நேர பஸ் தூரம்தான். ஆனாலும் மதுரைக்குப் போகும்போதெல்லாம், ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் தூங்குகிறவள்போலக் கண்ணை மூடிக்கொள்வாள்.

தேருக்காக வெளியூர் வண்டிகளை ஊர் எல்லையிலேயே மறித்திருந்தார்கள். ஜெனிலா ஸ்கூட்டியை விட்டுவிட்டுக் கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தாள். காஞ்சனாவின் மகன் சக்ரபாணி, நெற்றியில் திருமண்ணோடு, வாசலிலேயே அவளை மறித்தார்.

"காலைல போன்லயே சொன்னேனேம்மா. அம்மா காதுல விழுந்தா தீட்டு. நாளைக்குத் தேர் முன்னாடி நான் கோஷ்டில நின்னு பிரபந்தம் சேவிக்கணும், தீட்டோட போக முடியாது. நானே அதைக் கேக்கலைன்னு வச்சிண்டிருக்கேன்."

"யாருடா அது?" உள்ளேயிருந்து காஞ்சனா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"நான் செங்கமலத்தோட பேத்தி" என்றாள் ஜெனிலா.

காஞ்சனா அவளுடைய கலைந்த தலையையும் அழுத கண்ணையும் பார்த்தாள். "போயிட்டாளா?"

"ஆமா பாட்டி. நாலு மணிக்கு எடுக்காங்க. நீங்க பாக்கணும்னு கேட்டா."

"போச்சு" என்று சக்ரபாணி தலையில் கைவைத்தார்.

"என்னடா போச்சு? அவ ஓடிப்போன அன்னிக்கே எங்கப்பா எல்லாரையும் திருமுக்குளத்துக்கு இழுத்துண்டு போனார். நான் பாவாடை கட்டின பொண்ணு. மாட்டேன்னு அழுதேன். தலையை அமுக்கி முழுக வச்சார். அவ செத்துட்டான்னு அன்னிக்கே ஸ்நானம் ஆச்சு. ஒருத்திக்கு எத்தனை தரம்டா தீட்டு? காரை எடு."

அது சாஸ்திரப்படி சரியா என்று யோசித்துக்கொண்டே சக்ரபாணி சாவியைத் தேடினார்.

சுற்றுவழியில் திருப்பிவிட்டதில் கார் ஊர்ந்தது. நாலரைக்கு ராபர்ட் மாமா கூப்பிட்டார். "கல்லறைத் தோட்டத்துக்கு வந்துட்டோம்ட்டி. பெட்டிய மூடப் போறாவ."

"செத்த நேரம் பொறுங்க மாமா!"

"எம்புட்டு நேரம்? போதகர் வாட்சப் பாக்காரு."

காஞ்சனா போனைப் பிடுங்கினாள். "ராபர்ட்டா? நான் உன் சித்தி பேசறேன். மூடாதே."

அந்தப் பக்கம் ராபர்ட் மாமா யாரையோ, "மூடாதீய" என்று தடுத்தார். பிறகு, "வாங்க சித்தி" என்று கேட்டது.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் விலகி வழிவிட்டது. காஞ்சனா பெட்டிமேல் குனிந்தாள். பாவாடை வயதில் கடைசியாகப் பார்த்த அக்காவை அந்த முகத்தில் வெகுநேரம் தேடினாள்.

"அவளைக் காணோமே" என்றாள். "எங்கம்மா மாதிரின்னா இருக்கு."

ஜெனிலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூடி இறங்கியது. ஆணி அடிக்கத் தொடங்கியதும் காஞ்சனா, "தண்ணி எங்கே?" என்று கேட்டாள். ராபர்ட் மாமா பாட்டிலை நீட்டினார். அவள் அதை வாங்காமல், சுவரோரக் குழாயடிக்குப் போய் அங்கே கிடந்த வாளியில் தண்ணீர் பிடித்தாள்.

"அம்மா, வேண்டாம்! தீட்டில்லேன்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். உசிரோட இருந்தவளுக்கு முழுகினது எப்படிடா சேரும்?"

புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள்.  ஜெனிலா அடுத்த வாளியைப் பிடித்துக் கொடுத்தாள்.

 சக்ரபாணி போனை எடுத்து, நாளைக்குக் கோஷ்டிக்கு வர முடியாது, தீட்டு என்றார். யார் தவறியது என்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும்.

"பெரியம்மா" என்றார். "ஆமாம், எனக்குப் பெரியம்மா ஒருத்தி இருந்தா."